2010 ஹோண்டா சிட்டி: ஓட்டுநர் பக்க ஏர்பேக்கை வீட்டிலேயே கழற்றி மாட்டலாமா?

சிட்டி_2010

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2010 சிட்டி. 1,30,000 கி.மீ. ஓடிவிட்டது, இன்னும் தங்கமாக ஓடுகிறது. ஸ்டீயரிங் மட்டும்தான் கிழடு தட்டிவிட்டது. இத்தனை வருடம் என் உள்ளங்கை வியர்வையைக் குடித்து, வலது கை பிடிக்கும் இடத்தில் மேல்தோல் உரிந்து பிசுபிசுவென்று ஆகிவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டால் கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வருகிறது.

அதே மாடலுக்கு உரிய, தோல் சுற்றிய நல்ல ஸ்டீயரிங் ஒன்று கிடைத்திருக்கிறது. வெறும் வளையம்தான், ஏர்பேக் இல்லை. என் வண்டியில் இருக்கும் ஏர்பேக்கைக் கழற்றி, வளையத்தை மாற்றி, அதே ஏர்பேக்கைத் திரும்ப மாட்ட வேண்டும்.

ஆயில், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் நானே மாற்றுவேன். ஏர்பேக்கைத் தொட மட்டும் கை தயங்குகிறது. ஒரு வீடியோவில் ஒருவர் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதாவது பேட்டரியைக் கூடக் கழற்றாமல், நான்கு நிமிடத்தில் ஏர்பேக்கை வெளியே எடுத்துவிட்டார். அப்படிச் செய்யலாமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_ரோடு

இதற்குப் போய் ஏன் இவ்வளவு யோசனை அண்ணா? ஏர்பேக் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ கோட் கேட்கும், கடிகாரம் போய்விடும், தேவையில்லாத தலைவலி. நான் இதுவரை மூன்று வண்டியில் இப்படித்தான் எடுத்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

மஞ்சள்_கனெக்டர்

தம்பி மதுரை, ஒன்றும் ஆகாதவரை ஒன்றும் ஆகாது. ஆகும் அன்று முகம் இருக்காது. கோபத்தில் சொல்லவில்லை. 19 வருடமாக வண்டி எலக்ட்ரிகல் வேலையில்தான் இருக்கிறேன். இந்த ஒரு வேலையில் மட்டும் குறுக்குவழி எடுத்ததில்லை, என்னிடம் வேலை கற்கும் பையன்களையும் எடுக்க விட்டதில்லை.

ஃப்யூஸ் ஏன் போதாது? ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட்டுக்குள் கெப்பாசிட்டர் இருக்கிறது. மோதலில் பேட்டரி நசுங்கி வயர் அறுந்துபோனாலும் ஏர்பேக் விரிய வேண்டுமே, அதற்காகக் கொஞ்சம் மின்சாரத்தை அது சேர்த்து வைத்திருக்கும். ஃப்யூஸைப் பிடுங்கினாலும் பேட்டரியைக் கழற்றினாலும் அந்தச் சேமிப்பு உடனே தீராது. ஹோண்டா நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றியபின் குறைந்தது 3 நிமிடம் காத்திருக்கச் சொல்கிறது. வேறு சில கம்பெனிகள் 90 வினாடி என்று போட்டிருப்பார்கள். நான் எந்த வண்டியானாலும் 15 நிமிடம் விடுவேன். டீ குடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். ஃப்யூஸைப் பிடுங்குவதில் இன்னொரு தொல்லை, தப்பான ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு சரியானதைப் பிடுங்கியதாக நம்பிக்கொண்டிருப்போம். பேட்டரி டெர்மினல் கண்ணெதிரே கிடக்கும், ஏமாற வழியில்லை.

சிட்டி, உங்களுக்கு ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வண்டியின் 17 இலக்க சேஸிஸ் எண்ணை வைத்து, டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்குகளுக்கான ரீகால் பட்டியலில் வருகிறதா, வந்தால் மாற்றியாகிவிட்டதா என்று பாருங்கள். ஹோண்டாவின் இணையதளத்திலேயே பார்க்கலாம், இல்லையென்றால் ஏதாவது ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யுங்கள். 2016ல் மட்டும் இந்தியாவில் சிட்டி, ஜாஸ், சிவிக் எல்லாம் சேர்த்து சுமார் 1.9 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். மாற்றாத பழைய இன்ஃப்ளேட்டர் (வாயுவை விட்டு ஏர்பேக்கை விரிக்கும் உலோகக் குடுவை) இருந்தால் நீங்கள் தொடவே வேண்டாம். அவர்களே இலவசமாக மாற்றித் தருவார்கள். அதைப் பார்த்துச் சொல்லுங்கள், மீதியை எழுதுகிறேன்.

ஈப்போ_தமிழன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். மேலே அண்ணன் சொன்ன ரீகாலை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2014ல் சரவாக்கில், சிபுவில், 2003 மாடல் ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணிப் பெண் ஒருவர் இறந்துபோனார். பெரிய வேகத்தில் நடந்த விபத்து அல்ல. ஏர்பேக்கின் உள்ளே இருந்த உலோகக் குடுவை வெடித்துச் சிதறிய துண்டு பாய்ந்துதான் அவர் உயிர் போனது. காப்பாற்ற வைத்த பொருளே கொன்றுவிட்டது. அதன் பிறகும் இங்கே அதே மாதிரிச் சாவுகள் நடந்தன.

காரணம் இதுதான். டகாட்டா அந்த இன்ஃப்ளேட்டரில் அம்மோனியம் நைட்ரேட்டைப் போட்டது. பல வருட வெயிலும் ஈரக்காற்றும் மாறி மாறித் தாக்கினால் அந்த மருந்து வில்லை கெட்டுப்போகும். பிறகு எரியும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து குடுவையையே உடைத்துவிடும். எங்கள் ஊர் மாதிரியே சென்னையும் தூத்துக்குடியும் வருடம் முழுக்கப் புழுங்கும் ஊர்கள். குளிர் நாட்டுக் காடியை (காரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) விட நம்முடைய காடிகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். உலகம் முழுக்க சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்களைத் திரும்பப் பெற வேண்டியதாகி, 2017ல் அந்தக் கம்பெனியே திவாலானது.

பழைய காடி வாங்கும் உறவுக்காரர்கள் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது சேஸிஸ் எண்ணைத்தான்.

சிட்டி_2010

பார்த்துவிட்டேன். என் வண்டி பட்டியலில் இருந்திருக்கிறது. 2017ல் அப்பா சர்வீஸுக்கு விட்டபோது மாற்றிவிட்டார்கள், ரசீது பழைய ஃபைலில் கிடைத்தது. இது எனக்குத் தெரியாமலே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். ஈப்போ அண்ணன் எழுதியதைப் படித்தபின் அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

மஞ்சள் அண்ணா, இப்போது மீதியைச் சொல்லுங்கள்.

மஞ்சள்_கனெக்டர்

நல்லது, இனி தைரியமாகச் செய்யலாம். ஒரே மூச்சில் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ரேடியோ கோட் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். ஹோண்டாவில் பேட்டரி போனால் ரேடியோ அதைக் கேட்கும். முன் சக்கரங்கள் நேராக இருக்கும்படி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சாவியை எடுத்துவிடுங்கள். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அது தானாகச் சாய்ந்து திரும்பத் தொட்டுவிடாதபடி ஒரு துணியைச் சுற்றி ஒதுக்கி வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். காத்திருக்கும் நேரத்தில் மோதிரம், வாட்ச், காப்பு எதுவானாலும் கழற்றிவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். ‘மெமரி சேவர்’ என்று சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்ன பேட்டரி ஒன்று விற்கிறார்கள். அதை இந்த வேலையில் பயன்படுத்தவே கூடாது, கழற்றிய மின்சாரத்தைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவதற்குச் சமம்.

ஸ்டீயரிங்கின் பின்பக்கம் இடது, வலது இரண்டு பக்கமும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை எடுத்தால் உள்ளே டி30 டார்க்ஸ் (தலையில் நட்சத்திரக் குழி உள்ள) போல்ட் தெரியும். பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் இரண்டு. நல்ல பிட்டாக வாங்குங்கள். தேய்ந்த பிட் போல்ட்டின் தலையைத் தின்றுவிட்டால் அப்புறம் டிரில் எடுக்கத் தோன்றும், ஏர்பேக் பக்கத்தில் டிரில் போகவே கூடாது. கழற்றும்போது உங்கள் முகம் ஸ்டீயரிங்குக்கு நேராக இருக்க வேண்டாம். கதவைத் திறந்து வைத்து, பக்கவாட்டில் நின்று செய்யுங்கள்.

இரண்டு போல்ட்டும் வந்ததும் ஏர்பேக் தளர்ந்து முன்னால் வரும். சடாரென்று இழுக்காதீர்கள், பின்னால் வயர் இருக்கிறது. மஞ்சள் கனெக்டரின் பூட்டை விரலால் விடுவித்து, கனெக்டரைப் பிடித்து எடுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஹாரன் வயர் தனியாக இருந்தால் அதையும்.

கையில் எடுத்ததும் நடக்கும் விதத்தில் கவனம் வேண்டும். ‘எஸ்ஆர்எஸ்’ (ஏர்பேக் அமைப்பின் சுருக்கப் பெயர்) என்று எழுதிய மேல்மூடி உங்கள் உடம்புக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். கீழே வைக்கும்போது அந்த மூடி வானத்தைப் பார்க்க வேண்டும், மேலே எதையும் வைக்கக் கூடாது. மூடியைக் கவிழ்த்து வைத்தால், எப்போதாவது வெடித்தால் மொத்தப் பொருளும் ராக்கெட் மாதிரி மேலே கிளம்பும். மல்லாக்க வைத்தால் பை மட்டும் காற்றில் விரிந்து அடங்கிவிடும். வெயில் படாத, குழந்தைகள் வராத அறையில் வையுங்கள்.

ஸ்டீயரிங் வளையத்துக்கு வருவோம். நடு போல்ட்டைத் தளர்த்த ஸ்டீயரிங் பூட்டின் மேல் பாரத்தைப் போடாதீர்கள், இன்னொருவர் வளையத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். போல்ட்டை முழுதாக எடுக்காமல் மூன்று நான்கு மரை விட்டு வையுங்கள். வளையத்தை இரண்டு கையாலும் மாறி மாறி ஆட்டி இழுத்தால் ‘டப்’ என்று விடுபடும், அந்த போல்ட் மட்டும் இல்லையென்றால் உங்கள் மூக்கில்தான் வந்து நிற்கும். சுத்தியல் கூடவே கூடாது. எடுக்கும் முன் நடுத்தண்டிலும் வளையத்திலும் நேர்கோடாக ஒரு மார்க் போடுங்கள்.

ஆம்பியர்

அண்ணன் செய்முறையை எழுதிவிட்டார். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் விதியை யாரும் மீறத் தோன்றாது.

ஏர்பேக்கின் நடுவில் ‘ஸ்க்விப்’ என்ற சின்ன எரியூட்டி இருக்கிறது. அதற்குள் ஓடும் இழையின் மின்தடை 2 ஓம் அளவுதான். ஒரு ஆம்பியரை ஒட்டிய மின்னோட்டம் ஓரிரு மில்லி வினாடி பாய்ந்தால் போதும், இழை பழுத்து மருந்தைப் பற்றவைக்கும். அதிலிருந்து வரும் வாயு 30 மில்லி வினாடிக்குள் பையை நிரப்பிவிடும். நாம் ஒரு முறை கண் சிமிட்டி முடிக்க 100 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். ‘வெடித்தால் தலையை நகர்த்திக்கொள்ளலாம்’ என்பதற்கு அங்கே நேரமே கிடையாது.

அதனால்தான் டெஸ்ட் லாம்பையோ மல்டிமீட்டரையோ ஏர்பேக்கின் முனையில் வைக்கக் கூடாது. மின்தடையை அளக்க மீட்டர் தானே ஒரு மின்னோட்டத்தை அனுப்பித்தான் பார்க்கும். சோதிக்க வேண்டியது வயரைத்தான். அதற்கு ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் 2 ஓம் போலி மின்தடையை மாட்டிப் பார்ப்பார்கள்.

இன்னொரு அழகான விஷயம். அந்த மஞ்சள் கனெக்டரைக் கழற்றியதும், உள்ளே இருக்கும் சின்ன உலோக நாக்கு ஒன்று இரண்டு முனைகளையும் தானாகவே ஒன்றோடொன்று சேர்த்துவிடும். இரண்டு முனையும் ஒன்றானால் இடையில் மின்அழுத்த வித்தியாசம் இருக்காது, எங்கிருந்தோ வரும் நிலைமின் பொறி இழையைச் சூடாக்காது. கனெக்டருக்குள் குண்டூசி, ஸ்க்ரூட்ரைவர் நுழைத்துப் பார்ப்பவர்கள் முதலில் வளைப்பது இந்த நாக்கைத்தான். ஏர்பேக்கைத் தொடும் முன் கதவின் வெறும் உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

நெய்தல்

மேலே ஆம்பியர் சொன்ன அந்த 2 ஓம் மின்தடை பற்றித்தான் எழுத வந்தேன். மூன்று வருடத்துக்கு முன் பழைய கார் ஒன்று வாங்கினேன். விற்றவர் பேரும் வண்டியின் பேரும் வேண்டாம். டேஷில் ஏர்பேக் விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது. எட்டு மாதம் ஓட்டினேன். என் பெண்ணைப் பள்ளிக்கு அதில்தான் கொண்டுபோய் விடுவேன்.

ஹாரன் சரியாக அடிக்கவில்லை என்று ஒரு எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். ஸ்டீயரிங் மூடியைத் திறந்தவர் என்னை உள்ளே கூப்பிட்டார். உள்ளே ஏர்பேக் இல்லை. வெறும் மூடி. மஞ்சள் கனெக்டரின் முனையில் ஒரு சின்ன மின்தடையை வைத்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை வெயிலில் உருகி வயரெல்லாம் ஒட்டியிருந்தது. வண்டி எப்போதோ மோதி ஏர்பேக் விரிந்திருக்கிறது. புதுசு போடக் காசில்லாமல், விளக்கை ஏமாற்ற இதைச் செய்திருக்கிறார்கள்.

அந்த எட்டு மாதத்தில் எனக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் நினைத்தால் இப்போதும் வயிறு பிசைகிறது. சோதிக்க மட்டும் வைக்க வேண்டிய பொருளை யாரும் அப்படியே விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.

மஞ்சள்_கனெக்டர்

அம்மா, நீங்கள் எழுதியது இங்கே எல்லோரும் படிக்க வேண்டியது. இது அபூர்வமும் இல்லை. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஸ்டீயரிங் மூடியின் நிறமும் டேஷின் நிறமும் ஒத்துப்போகிறதா, ஓரங்களில் பெயர்த்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். முன்சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து விடுங்கள். விபத்தில் பெல்ட் டென்ஷனரும் (மோதும்போது பெல்ட்டை இறுக்கும் கருவி) வெடித்திருந்தால் பெல்ட் ஒழுங்காக இழுபடாது, அல்லது பக்கிள் கீழே இறங்கி நிற்கும். சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்து அணைய வேண்டும், எரியவே இல்லையென்றால் விளக்கையே பிடுங்கியிருக்கிறார்கள். நெய்தல் அம்மா வண்டி மாதிரி விளக்கும் ஏமாற்றினால், நம்பிக்கையான பட்டறையில் ஸ்கேனர் போட்டு மோதல் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

மதுரை_ரோடு

ஆம்பியர் சார் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கெப்பாசிட்டர் இருப்பது எனக்குத் தெரியாது. மூன்று வண்டியிலும் ஸ்டீயரிங்குக்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் கழற்றினேன், ஒருமுறை தம்பி பையன் பக்கத்து சீட்டில் இருந்தான். என் பழைய பதிவை யாரும் பின்பற்ற வேண்டாம்.

ஒரு கேள்வி. வீட்டில் போலோவும் இருக்கிறது. அதில் பக்கத்தில் போல்ட்டே காணோமே?

மஞ்சள்_கனெக்டர்

ஒப்புக்கொண்டு எழுதியதற்கு நன்றி தம்பி. போலோவில் போல்ட் இல்லை, உள்ளே கம்பி ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை 90 டிகிரி திருப்பினால் பின்பக்கம் ஒரு துளை மேலே வரும். அதில் ஸ்க்ரூட்ரைவரை விட்டு ஸ்பிரிங்கைத் தள்ளினால் ஒரு பக்கம் விடுபடும், பிறகு எதிர்ப்பக்கம் திருப்பி மறுபக்கம். பேட்டரி, காத்திருப்பு, பிடிக்கும் விதம் எல்லாம் அதேதான். ஸ்டீயரிங் பூட்டு விழாமல் திருப்ப வேண்டும் என்பதால் எந்த நேரத்தில் சாவி, எந்த நேரத்தில் பேட்டரி என்பதை அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிட்டி_2010

ஞாயிற்றுக்கிழமை செய்தேன். விவரமாக எழுதுகிறேன், அடுத்தவருக்கு உதவும்.

நெகட்டிவைக் கழற்றிவிட்டு 20 நிமிடம் விட்டேன். இடது போல்ட் லேசாக வந்தது, வலது போல்ட்டுக்கு வியர்த்துவிட்டது. கனெக்டரின் பூட்டு அவ்வளவு சின்னது என்று நினைக்கவில்லை. நகத்தால் தூக்கி எடுத்தேன். ஏர்பேக்கைக் கையில் வாங்கியபோது எதிர்பார்த்ததைவிடக் கனம். மூடியை வெளியே காட்டி, ஒவ்வொரு அடியாக நடந்து அறைக்குள் கொண்டுபோய் மேஜையில் மல்லாக்க வைத்தேன். பத்து நிமிடம் கழித்துப் போனால், தூசி படுமே என்று அம்மா அதன்மேல் துண்டை விரித்து, துண்டின்மேல் செய்தித்தாளையும் வைத்திருந்தார். மெதுவாக எடுத்துவிட்டு, காரணத்தைச் சொல்லி, அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வளையம் மூன்றாவது ஆட்டலில் விடுபட்டது. நீங்கள் சொன்ன அந்த மூன்று மரை என் மூக்கைக் காப்பாற்றியது.

ஆனால் ஒரு தப்பு செய்துவிட்டேன். பழைய வளையத்தை எடுத்துவிட்டு, பின்னால் இருக்கும் வட்டமான கேபிள் ரீலைத் துடைக்கும்போது அது கொஞ்சம் சுற்றிவிட்டது. எவ்வளவு சுற்றியது என்று தெரியவில்லை. அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மஞ்சள்_கனெக்டர்

நிறுத்தியது நல்ல முடிவு. அதன் உள்ளே தட்டையான நாடா வயர் கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கிறது. ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பினாலும் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் தொடர்பு அறாமல் இருப்பது அதனால்தான். நடு இல்லாமல் மாட்டினால் முதல் யூ-டர்னிலேயே நாடா அறுந்துவிடும்.

சக்கரங்கள் நேராக இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். ரீலை இரண்டு விரலால் வலச்சுற்றாக மெதுவாகத் திருப்புங்கள், இறுகுகிற இடத்தில் நின்றுவிடுங்கள், அதற்கு மேல் அழுத்தாதீர்கள். அங்கிருந்து இடச்சுற்றாக இரண்டு, இரண்டரைச் சுற்று வரும்போது ரீலின் மேல் இருக்கும் அம்புக்குறி நேர் மேலே வரும். அதுதான் நடு.

பிறகு வளையத்தை மார்க் பார்த்து உட்கார வைத்து நடு போல்ட்டை 39 நியூட்டன் மீட்டர் முறுக்குங்கள். ஏர்பேக்கில் மஞ்சள் கனெக்டர் ‘க்ளிக்’ என்று சொல்ல வேண்டும். வயர் எங்கேயும் நசுங்கக் கூடாது. டார்க்ஸ் போல்ட் இரண்டும் புதுசாகவே போடுங்கள், முதலில் கையால் மரை ஏற்றி, பிறகு 9.8 நியூட்டன் மீட்டர். அதிகம் முறுக்காதீர்கள்.

பேட்டரி இணைக்கும்போது வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. இணைத்தபின் டிரைவர் கதவுக்கு வெளியே நின்று, கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்புங்கள். எஸ்ஆர்எஸ் விளக்கு சுமார் 6 வினாடி எரிந்து அணைய வேண்டும். அணையவில்லையென்றால் சாவியை ஆஃப் செய்யுங்கள், பேட்டரியை எடுங்கள், மறுபடி காத்திருங்கள், அப்புறம்தான் கனெக்டரைப் பாருங்கள்.

சிட்டி_2010

முடிந்தது அண்ணா. ரீல் ஒரு சுற்றுக்கு மேல் விலகியிருந்தது, அம்புக்குறியை மேலே கொண்டுவந்துவிட்டேன். புது டி30 போல்ட்டுக்காக இரண்டு நாள் காத்திருந்தேன். வண்டிக்கு வெளியே நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. வாய்விட்டு எண்ணினேன். ஆறு சொல்லி முடிக்கும்போது அணைந்தது. ஹாரனும் அடிக்கிறது.

ஓட்டிப் பார்த்ததில் நேர் சாலையில் ஸ்டீயரிங் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. புது வளையத்தில் நான் போட்ட மார்க் ஒரு பல் தள்ளிப் போயிருக்கிறது. திரும்பவும் திறக்க வேண்டும்.

நெகட்டிவ் இப்போதுதான் கழற்றினேன். 6:40. ஏழு மணிக்குத்தான் ஏர்பேக்கைத் தொடுவேன்.